பார்ட்னர் மாறி ஆடும் டபுள்ஸ்: ஷெட்யூல் எங்கே கோணுகிறது, எப்படி நேராக்குவது

எங்கள் குடியிருப்பில் ஞாயிறு காலை ஷட்டில் ஆடுகிறோம். இரண்டு கோர்ட், எட்டு ஒன்பது பேர், ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரைக்குள் முடிக்க வேண்டும், அதற்கு மேல் வெயில் ஏறிவிடும். நிலையான ஜோடி கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் பார்ட்னர் மாறுவார், எதிராளிகளும் மாறுவார்கள், எடுத்த பாயின்ட் மட்டும் ஆளுக்கு ஆள் தனியாகச் சேரும். ஷெட்யூல் போடுகிற வேலை என்னுடையது. கேரம் டபுள்ஸ் நடத்துகிறவர்களுக்கும் இதே கணக்குதான். கோர்ட் என்று நான் சொல்லும் இடத்தில் போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகள் ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அதனால் உங்களிடம் வந்த புகார் எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கு, இதைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் பிடிபடும்.

8 பேரில் 28 ஜோடி சேர்க்கலாம். இரண்டு கோர்ட்டில் ஒரு சுற்றுக்கு 4 ஜோடி ஆடும். 28-ஐ 4-ஆல் வகுத்தால் 7 சுற்று. அதாவது 7 சுற்றில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் சரியாக ஒரு முறை பார்ட்னராக முடியும். எதிராளி கணக்கு: சுற்றுக்கு 2 பேர், 7 சுற்றில் 14, இருப்பது 7 பேர், ஆகவே ஒவ்வொருவரையும் சரியாக 2 முறை எதிர்க்க வேண்டும். பார்ட்னர் 1, எதிராளி 2. இதுதான் இலக்கு. விஸ்ட் என்ற சீட்டாட்டத்துக்காக எழுந்த கேள்வி இது, ஈ. எச். மூர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1896-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆட்களின் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தாலும், அதைவிட ஒன்று கூடுதலாக இருந்தாலும், இப்படி ஒரு அட்டவணை கட்டாயம் உண்டு என்று பின்னால் நிரூபித்தும் விட்டார்கள்.

உங்கள் ஷெட்யூலைச் சோதிக்க ஒரு கட்டம் போட்ட நோட்டு போதும். எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, மூலைவிட்டத்துக்கு மேலே பார்ட்னர், கீழே எதிராளி என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். மேல் பாதியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோடு, கீழ்ப் பாதியில் இரண்டு கோடு இருந்தால் ஷெட்யூல் சரி. பத்து நிமிட வேலை. எத்தனை பேர் வந்து "எனக்கு மட்டும் இப்படி ஆகிறது" என்றாலும் முதலில் இந்த நோட்டைத் திறப்பேன்; பாதிப் புகார்கள் அதில் அப்படியே தெரியும்.

புகார் 1: "போன வாரமும் இவர், இந்த வாரமும் இவர், இன்னொருத்தரோடு ஆடவே இல்லை"

ஷெட்யூலைச் சீட்டுக் குலுக்கியோ, போனில் ஏதோ ஒன்றை அழுத்தியோ எடுத்திருப்பீர்கள். குலுக்கல் நியாயமானது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம், ஒரு சுற்றுக்கு அது உண்மையும்கூட. ஆனால் ஏழு சுற்றுக்கும் தனித்தனியாகக் குலுக்கினால், குறிப்பிட்ட இரண்டு பேர் ஒரு தடவை கூடச் சேராமல் போக 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது (7-இல் 6 என்பதை ஏழு முறை பெருக்கிப் பாருங்கள்). 28 ஜோடியில் சராசரியாக ஒன்பது பத்து ஜோடி சேரவே சேராது, அந்த இடத்தையெல்லாம் திரும்பத் திரும்ப வரும் ஜோடிகள் நிரப்பும். குலுக்க வேண்டியது யாருக்கு எந்த எண் என்பதை மட்டும்தான். அட்டவணையைக் குலுக்கக் கூடாது.

8 பேருக்கு நான் வைத்திருப்பது இதுதான். இடது பக்கம் முதல் கோர்ட், வலது பக்கம் இரண்டாம் கோர்ட்.

சுற்று 1: 8-7 எதிர் 4-5 | 1-3 எதிர் 2-6
சுற்று 2: 8-1 எதிர் 5-6 | 2-4 எதிர் 3-7
சுற்று 3: 8-2 எதிர் 6-7 | 3-5 எதிர் 4-1
சுற்று 4: 8-3 எதிர் 7-1 | 4-6 எதிர் 5-2
சுற்று 5: 8-4 எதிர் 1-2 | 5-7 எதிர் 6-3
சுற்று 6: 8-5 எதிர் 2-3 | 6-1 எதிர் 7-4
சுற்று 7: 8-6 எதிர் 3-4 | 7-2 எதிர் 1-5

முதல் சுற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். 8 அசையாது, மற்ற எண்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடும், 7-க்கு அடுத்தது 1.

புகார் 2: "பார்ட்னர் எல்லாம் சரிதான், ஆனா எப்பப் பாத்தாலும் இவரைத்தான் எதிர்த்து ஆடுறேன்"

இந்தப் புகாரைத்தான் நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஷெட்யூல் குறையே இல்லாதது போலத் தெரியும், யாரும் யாரோடும் இரண்டு முறை பார்ட்னர் ஆகவில்லை, அப்புறம் என்ன குறை என்றுதான் தோன்றும்.

காரணம், ஜோடி எடுக்கும் பழைய முறை. லீக் ஆட்டங்களுக்கு எல்லோரும் செய்வதுதான்: ஒருவரை நிறுத்திவைத்து மற்றவர்களை வட்டமாகச் சுற்றுவது. 8-7, 1-6, 2-5, 3-4 என்று நான்கு ஜோடி வரும், அடுத்த சுற்றுக்கு ஒன்று கூட்டுவோம். பார்ட்னர் கணக்கு இதில் கச்சிதம். ஆனால் 8-7 ஜோடியை 1-6 உடனும், 2-5 ஜோடியை 3-4 உடனும் மோதவிட்டால் என்ன ஆகிறது என்று நோட்டில் போட்டுப் பாருங்கள். 1ஆம் எண்காரர் 2-ஐ நான்கு முறை எதிர்க்கிறார், 7-ஐயும் நான்கு முறை. 3, 6, 8 ஆகியோரை இரண்டிரண்டு முறை. 4-ஐயும் 5-ஐயும் ஒரு முறை கூட இல்லை. எட்டாமவரைத் தவிர எல்லோருக்கும் இதே கதி.

சரி, ஜோடிகளை வேறு மாதிரி மோதவிடலாமே என்று நானும் முயன்றேன். 8-7 ஜோடியை 2-5 உடன் விட்டால் பக்கத்து எண்காரர்கள் ஒருவரை ஒருவர் எதிர்ப்பதே இல்லை. 3-4 உடன் விட்டால் இரண்டு எண் தள்ளி இருப்பவர்கள் எதிர்ப்பதில்லை. மூன்று வழியிலும் யாரோ இரண்டு பேர் விடுபடுகிறார்கள். அப்படியென்றால் மோதவிடும் விதத்தில் பிழை இல்லை, ஜோடிகளை எடுத்த விதத்திலேயே இருக்கிறது. மேலே கொடுத்த அட்டவணையில் முதல் சுற்று 8-7, 4-5, 1-3, 2-6 என்று கொஞ்சம் ஒழுங்கற்றுத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அந்த ஒழுங்கின்மையால்தான் எதிராளி கணக்கு எல்லோருக்கும் இரண்டாக வந்து நிற்கிறது. அழகாக இருக்கட்டும் என்று அதைத் திருத்திவிடாதீர்கள்.

புகார் 3: "அஞ்சாவது சுற்றுல பழைய ஜோடி திரும்ப வருதே"

நான் கொடுத்த அட்டவணையைத்தான் எழுதினீர்கள், ஆனாலும் 2-6 ஜோடி ஐந்தாம் சுற்றில் மறுபடி வருகிறதா? எட்டையும் சேர்த்துச் சுற்றிவிட்டீர்கள். 7-க்கு அடுத்தது 8, 8-க்கு அடுத்தது 1 என்று கூட்டினால் இப்படித்தான் ஆகும். இந்தப் பிழையில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. இரண்டாம் சுற்று சரியாகவே வரும்: 8 போய் 1 ஆகும், 7 போய் 8 ஆகும், 1-8 எதிர் 5-6, 2-4 எதிர் 3-7. சரியான அட்டவணையிலும் அதேதான். மூன்றாம் சுற்றில்தான் விலகும், 8-2 இருக்க வேண்டிய இடத்தில் 2-1 வரும். ஆகவே சரிபார்க்கும்போது இரண்டாம் சுற்றோடு நிறுத்தாமல் மூன்றாவதைப் பாருங்கள், முதல் ஜோடியில் 8 இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

8-ஐ அசைக்காமல், 7-க்குப் பிறகு 8 என்று கூட்டினால் இரண்டாம் சுற்றிலேயே 8-8 என்று ஜோடி வரும். அது உடனே கண்ணில் படும்.

புகார் 4: "எனக்கு எப்பவும் இந்தக் கோர்ட்தானா தம்பி?"

எங்கள் முதல் கோர்ட்டில் பின்கோட்டை ஒட்டி சம்ப் மூடி இருக்கிறது. பின்னால் ஓடிப்போய் ஸ்மாஷ் அடிக்க எல்லோருக்கும் பயம். பட்டியலில் கடைசிப் பெயர் என்பதால் மூன்று வாரம் தொடர்ந்து 8ஆம் எண் ஒரு அக்காவுக்கே போனது. மூன்றாவது வாரம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அவர் கேட்டது அந்தக் கேள்வி. அட்டவணையைப் பாருங்கள், 8 ஏழு சுற்றும் முதல் கோர்ட்டில் இருக்கிறது. மற்ற எல்லோரும் மூன்று முறைதான். எனக்கு மனசே கேட்கவில்லை, அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து சுற்றுகளில் கோர்ட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

மாற்றுவதில் தவறில்லை, ஒரு சுற்றின் இரண்டு ஆட்டங்களும் கோர்ட் மாறினால் பார்ட்னர் கணக்கும் எதிராளி கணக்கும் கொஞ்சமும் கலையாது. ஏழு சுற்றில் மாற்றுவதா வேண்டாமா என்று மொத்தம் 128 வழி. இதில் எதை எடுத்தாலும் யாராவது ஒருவர் ஒரே கோர்ட்டில் குறைந்தது ஆறு முறை நிற்கத்தான் வேண்டும். 2, 4, 6 என்று ஒன்றுவிட்டு ஒன்று மாற்றினால் 8 தப்பிக்கும், ஆனால் 4ஆம் எண் ஆறு முறை மாட்டும். எல்லோருக்கும் மூன்று அல்லது நான்கு என்று கொண்டுவர இந்த அட்டவணையில் வழியே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தேடுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது செய்வது இது: ஏழாம் சுற்றில் மட்டும் கோர்ட்டை மாற்றுகிறேன். முதல் கோர்ட்டில் 3, 4, 6 எண்காரர்களுக்கு இரண்டு முறை, 1, 2, 5, 7 எண்காரர்களுக்கு நான்கு முறை, 8-க்கு ஆறு முறை. அந்த 8-ஐ வாரா வாரம் சுழற்சியில் விடுகிறேன், யாருக்கு எப்போது வந்தது என்று நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வைக்கிறேன். எட்டு வாரத்தில் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும்.

உங்கள் இரண்டு கோர்ட்டும் ஒன்றுபோல இருந்தால் இந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

புகார் 5: "ஒருத்தர் வரலை, மொத்த ஷெட்யூலும் போச்சு"

போகவில்லை. வராதவருக்கு 8ஆம் எண்ணைக் கொடுங்கள். அட்டவணையின் வலது பக்கத்தை மட்டும் எடுத்து, ஒரே கோர்ட்டில் ஏழு ஆட்டம் ஆடுங்கள். ஏழு பேரும் ஆளுக்கு நான்கு ஆட்டம் ஆடி மூன்று முறை உட்காருவார்கள். எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவர்கள் சரியாக இரண்டு ஆட்டத்தில் ஒன்றாகக் களத்தில் இருப்பார்கள். சில பேர் ஒரு முறை பார்ட்னராக, ஒரு முறை எதிராளியாக. பக்கத்து எண்காரர்கள் மட்டும் இரண்டு முறையும் எதிராளியாக. 7 பேருக்கு 21 ஜோடி, ஆட்டத்துக்கு 2 ஜோடி, பாதியாக வகுபடாத கணக்கு. அதில் இவ்வளவு நேர்த்தியாக ஒன்று கிடைப்பதே பெரிது. இரண்டாம் கோர்ட் காலியாக இருக்கும், உட்காரும் மூன்று பேர் அங்கே சர்வீஸ் பழகலாம்.

புகார் 6: "ஒன்பது பேர் ஆயிட்டோம், யார் உட்காருறதுன்னு தினமும் சண்டை"

எனக்கு மிகவும் பிடித்த அட்டவணை இது, ஏனென்றால் எழுதி வைக்கவே தேவையில்லை. ஒன்பது எண்களையும் மூன்றுக்கு மூன்று சதுரமாக எழுதுங்கள்.

1 2 3
4 5 6
7 8 9

5 உட்காருகிறார் என்றால், அவருடைய வரிசையில் மீதி இருக்கும் 4-6 ஒரு ஜோடி, அவர் வழியாகச் சாய்வாகப் போகும் 1-9 எதிர் ஜோடி. அவருடைய நிரலில் இருக்கும் 2-8 ஒரு ஜோடி, மறுசாய்வில் 3-7 எதிர் ஜோடி. அவ்வளவுதான். மூலையிலோ விளிம்பிலோ இருப்பவர் உட்காரும்போது சாய்வு சதுரத்தை விட்டு வெளியே போகும், அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே வரும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். குழப்பமாக இருந்தால் சாய்வுக் கூட்டங்களை ஒரு முறை எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு பக்கச் சாய்வு 1-5-9, 2-6-7, 3-4-8. மறுபக்கச் சாய்வு 1-6-8, 2-4-9, 3-5-7. உதாரணமாக 1 உட்கார்ந்தால் 2-3 எதிர் 5-9, இரண்டாம் கோர்ட்டில் 4-7 எதிர் 6-8.

ஒன்பது சுற்று, ஆளுக்கு ஒரு முறை மட்டும் ஓய்வு, பார்ட்னர் 1, எதிராளி 2. ஒரு எண் கூடப் பிசகாது. வரிசை எப்போதும் முதல் சாய்வோடும் நிரல் எப்போதும் மறுசாய்வோடும்தான் மோத வேண்டும், இதை நடுவில் மாற்றினால் எதிராளி கணக்கு கெட்டுவிடும்.

5 பேர், ஒரு கோர்ட் என்றால் இதைவிட எளிது: ஐந்து பேரையும் வட்டமாக நிற்க வைத்து, உட்காருபவருக்கு இருபுறமும் இருப்பவர்கள் ஒரு ஜோடி, எதிரே இருக்கும் இருவர் இன்னொரு ஜோடி. ஐந்து ஆட்டம்.

6 பேர், 10 பேர் என்று வந்தால் முழுச் சமநிலை கிடைக்காது. 10 பேரில் 45 ஜோடி, சுற்றுக்கு 4, வகுபடவே படாது. அங்கே ஓய்வு எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பேன், பார்ட்னர் மறுபடி வராமல் பார்ப்பது அடுத்தது, எதிராளியைக் கடைசியில்தான். மனிதர்களுக்குக் கோபம் வரும் வரிசையும் அதுதான் என்பது என் அனுபவம்.

புகார் 7: மிக்ஸ்டு டபுள்ஸில் கணவன் மனைவி ஒரே பக்கம்

தம்பதிகளாக வந்து ஆடும்போது, வீட்டில் பார்த்த முகத்தையே வலைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் பார்க்க வேண்டாம் என்று கேட்பார்கள். நான்கு தம்பதிக்கு மூன்றே சுற்றில் முடியும். ஆண்களுக்கு எண், அவரவர் மனைவிக்கும் அதே எண். முதலில் எழுதியது ஆண், இரண்டாவது பெண்.

சுற்று 1: 1-4 எதிர் 2-3 | 3-2 எதிர் 4-1
சுற்று 2: 1-2 எதிர் 3-4 | 2-1 எதிர் 4-3
சுற்று 3: 1-3 எதிர் 4-2 | 2-4 எதிர் 3-1

ஒவ்வொருவரும் மற்ற மூன்று வீட்டு எதிர்ப்பாலரோடும் ஒரு முறை பார்ட்னர், ஒரு முறை எதிராளி. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் ஒரு முறை எதிராளி. சொந்த ஜோடி ஒரே ஆட்டத்தில் வருவதே இல்லை.

ஆறு தம்பதிகள் வந்தால் இதே நேர்த்தியோடு ஒன்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கிடையாது. ஆறு படைப்பிரிவிலிருந்து ஆறு பதவியில் 36 அதிகாரிகளை, ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் எல்லாப் படைப்பிரிவும் எல்லாப் பதவியும் ஒரு முறை வரும்படி சதுரமாக நிறுத்த முடியுமா என்று கணிதவியலாளர் ஆய்லர் எழுதிய கட்டுரை 1782-இல் வெளியானது; முடியாது என்று 1900 வாக்கில் தாரி என்ற பிரெஞ்சுக்காரர் எல்லா வகையையும் வரிசையாகச் சோதித்துக் காட்டினார். ஆறு தம்பதிகளின் ஷெட்யூல் இருந்தால் அந்தச் சதுரமும் இருந்தாக வேண்டும், அதனால் இதுவும் இல்லை. ஐந்துக்கு உண்டு, ஏழுக்கு உண்டு. ஆறு தம்பதிகள் வந்த அன்று நான் நான்கு, இரண்டு என்று பிரித்து, நடுவில் ஆட்களை மாற்றிக்கொண்டேன்.

புகார் 8: "பாதியில வெயில் வந்திருச்சு, பாயின்ட் கணக்கு எப்படி?"

21 பாயின்ட் வரை ஒரே கேம், சுற்றுக்குக் கால் மணி நேரம் வைத்தால் ஏழு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மணி. இடையில் தண்ணீர், பேச்சு, ஷட்டில் காக் மாற்றுவது எல்லாம் சேர்த்தால் இரண்டரை மணி ஓடிவிடும். ஐந்து சுற்றோடு நின்றால் அந்த நாளைக்கு வெற்றியாளர் அறிவிக்காமல் அடுத்த ஞாயிறு ஆறாம் சுற்றிலிருந்து தொடர்வதுதான் முறை, எண்களையும் மாற்றக் கூடாது. ஒவ்வொருவரும் எல்லோரோடும் ஆடி முடித்தால்தான் தனிநபர் பாயின்டுக்கு அர்த்தம்: நன்றாக ஆடும் பார்ட்னர் எல்லோருக்கும் ஒரு முறை வருவார், புதிதாகக் கற்றுக்கொள்பவரும் எல்லோருக்கும் ஒரு முறை வருவார். பாதியில் நிறுத்தினால் சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் வந்திருக்கும்.

ஒன்பது பேர் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, அன்றே முடிவு சொல்லியாக வேண்டும் என்றால் மொத்தப் பாயின்டைப் பார்க்காமல், ஆட்டத்துக்குச் சராசரி எவ்வளவு என்று பாருங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே ஓய்வு எடுத்தவருக்கு ஒரு ஆட்டப் பாயின்ட் குறைந்து நிற்கும். அன்றைக்கு ஓய்வு எடுத்தவர்கள் யார் யார் என்பதை நோட்டில் வட்டம் போட்டு வையுங்கள், அடுத்த வாரம் மற்றவர்கள் உட்காருவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.